அமெரிக்கக் கல்லூரிக்கு ‘தேவை உதவி’யா, மெரிட் ஸ்காலர்ஷிப்பா: பெற்றோர் கணக்குப் போடும் முறை

எங்கள் மூத்த மகள் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்த ஆண்டில் நாங்கள் செய்த முதல் தவறு ஒரு சொல்லில் இருந்தது. கல்லூரி தரும் பணம் எதுவானாலும் எங்கள் வீட்டில் அதற்கு ‘ஸ்காலர்ஷிப்’ என்றுதான் பெயர். வார இறுதியில் நண்பர்கள் கூடினாலும் அதே கேள்விதான்: “உங்க பொண்ணுக்கு எவ்வளவு ஸ்காலர்ஷிப்?” ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் அந்தப் பணம் வரும் வழி இரண்டு. ஒன்று, குடும்பத்தின் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தருவது. மற்றது, பிள்ளையின் மதிப்பெண்ணையும் திறமையையும் பார்த்துத் தருவது, அதாவது மெரிட். விண்ணப்பம், கெடு, அடுத்த ஆண்டு தொடர்வதற்கான நிபந்தனை எல்லாமே இரண்டுக்கும் வேறு. இது புரியாமல் ஒரு கல்லூரியின் மெரிட் கெடுவைத் தவறவிட்டோம். இன்னொரு கல்லூரி தர முன்வந்த கடனை உதவி என்று நம்பி ஒரு வாரம் மகிழ்ந்திருந்தோம். அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து, பிள்ளை ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வகையை இங்கே ‘நீட் எய்ட்’ என்பார்கள். நமக்கு நீட் என்றாலே மருத்துவ நுழைவுத் தேர்வு நினைவுக்கு வரும் என்பதால் ‘தேவை உதவி’ என்றே எழுதுகிறேன். தேவை உதவி உங்கள் வருமானத்தோடு கட்டப்பட்டது, மெரிட் பிள்ளையின் ஜிபிஏவோடு (4.0 அளவில் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) கட்டப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு இந்த இரண்டில் எதை நம்பி இறங்கலாம் என்பதுதான் உங்கள் கேள்வி. முதல் ஆண்டில் எது பெரிய தொகை என்று மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

1. பிள்ளையின் குடியுரிமை நிலையை முதலில் பாருங்கள்

அமெரிக்க அரசின் தேவை உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் வேறு சில பிரிவினருக்கும் மட்டும்தான். இதில் பார்க்கப்படுவது பிள்ளையின் நிலை. பெற்றோரின் விசா எதுவானாலும் தடையில்லை. நீங்கள் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும் பிள்ளை இங்கே பிறந்திருந்தால் தாராளமாக விண்ணப்பிக்கலாம். “நமக்கு கிரீன் கார்டு இல்லையே” என்று அரசு உதவிப் படிவத்தையே தொடாமல் விட்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். தாய் எச்-4 விசாவில் (எச்-1பிக்காரரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) இருப்பதால் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும், அரசின் மாணவர் உதவித் தளத்தில் பெற்றோர் கணக்கு தொடங்க வழி இருக்கிறது.

பிள்ளையே எச்-4 என்றால் அரசு உதவி கிடையாது. மாநிலப் பல்கலைகளில் உள்மாநிலக் கட்டணம் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல தனியார் கல்லூரிகள் எச்-4 பிள்ளைகளை வெளிநாட்டு மாணவர் பட்டியலில் வைக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்காது. மற்ற பெரும்பாலான இடங்களில் பாதிக்கும். அதனால் எச்-4 பிள்ளைகளுக்கு மெரிட்தான் முக்கியமான வழி. இன்னொன்று: 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டி வரும். அது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வந்து நிற்கும். அப்போது கட்டணமோ ஸ்காலர்ஷிப்போ மாறுமா என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2. உங்கள் குடும்பத்தின் எண்ணைக் கண்டுபிடியுங்கள்

அரசு உதவிக்கான விண்ணப்பமான ஃபாஃப்சா படிவத்தை நிரப்பினால் எஸ்ஏஐ என்று ஓர் எண் வரும். உங்கள் குடும்பத்தின் சக்தியை அரசு மதிப்பிடும் குறியீடு அது. கல்லூரியின் மொத்த ஆண்டுச் செலவில் இந்த எண்ணைக் கழித்தால் வருவது உங்கள் ‘தேவை’. இந்த எண் -1,500 வரைகூட இறங்கும். வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களுக்குப் பெல் கிராண்ட் என்ற, திருப்பிக் கட்ட வேண்டாத அரசுத் தொகை கிடைக்கும். 2025-26இல் அதன் உச்சத் தொகை 7,395 டாலர். நம்மில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் பெல் வராது. அதற்காகப் படிவத்தைத் தவிர்க்காதீர்கள். அரசுக் கடனுக்கும் பல கல்லூரிகளின் சொந்த நிதிக்கும் அதுவே நுழைவுச் சீட்டு. கட்டணமும் கிடையாது. ஃபாஃப்சா நிரப்பித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் விலகி வந்துவிடுங்கள்.

எண் என்ன வரும் என்று அறியப் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம். அரசுத் தளத்தில் எஸ்டிமேட்டர் இருக்கிறது. அதைவிட உதவியானது ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’, உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டுவது. 2011 முதல் கல்லூரிகள் இதை வைத்தே தீர வேண்டும் என்பது சட்டம். ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்து பத்துக் கல்லூரிகளுக்குப் போட்டுப் பாருங்கள். வருமான வரிப் படிவமும் வங்கி இருப்பும் கையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் போதும். ஒரே குடும்பம், ஒரே வருமானம், ஆனாலும் ஒரு கல்லூரி 28,000 என்றும் இன்னொன்று 61,000 என்றும் காட்டும். எங்களுக்குக் கண் திறந்தது அந்தக் காலையில்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது கணக்கில் எடுக்கும் ஆண்டு. 2027 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைக்கு 2025ஆம் ஆண்டின் வருமானத்தைப் பார்ப்பார்கள். அதாவது பத்தாம் வகுப்பின் பாதியிலிருந்து பதினொன்றாம் வகுப்பின் பாதி வரை. அந்த ஆண்டில் கம்பெனிப் பங்குகளை விற்றாலோ, ஊரில் இருந்த மனையை விற்று லாபம் வந்தாலோ, உங்கள் எண் ஏறும். விற்றே ஆக வேண்டுமென்றால் அந்த ஜனவரிக்கு முன்பே முடித்துவிட முடியுமா என்று யோசியுங்கள்.

3. பிள்ளை பெயரில் உள்ள பணத்தைச் சரி செய்யுங்கள்

பாசத்தில் செய்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. பிறந்த நாள் பணம், தாத்தா பாட்டி கொடுத்தது எல்லாவற்றையும் சேர்த்து மகள் பெயரில் யுடிஎம்ஏ கணக்கில் (பெற்றோர் நிர்வகிக்கும் பிள்ளையின் கணக்கு) 18,000 டாலர் வைத்திருந்தோம். ஃபாஃப்சா கணக்கில் மாணவர் சொத்தில் 20 சதவீதம் எண்ணில் ஏறும். பெற்றோர் சொத்தென்றால் அதிகபட்சம் 5.64 சதவீதம். எங்கள் 18,000க்கு ஏறியது 3,600. எங்கள் பெயரில் இருந்திருந்தால் ஏறக்குறைய 1,015தான் ஏறியிருக்கும். இது ஒவ்வோர் ஆண்டும் நடக்கும்.

யுடிஎம்ஏ பணம் சட்டப்படி பிள்ளையுடையது, நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் பிள்ளையின் பெயரிலேயே உள்ள கஸ்டோடியல் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றலாம். அப்போது அது பெற்றோர் சொத்தாகவே கணக்கிடப்படும். யுடிஎம்ஏவில் இருக்கும் பங்குகளை விற்று மாற்றினால் வரி உண்டு என்பதால் வரிக் கணக்கர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நீங்கள் குடியிருக்கும் வீடும் 401கே போன்ற ஓய்வூதியக் கணக்குகளும் ஃபாஃப்சாவில் வராது. இந்தியாவில் உள்ள மனை, வாடகைக்கு விட்ட ஃபிளாட், வங்கி வைப்பு எல்லாம் வரும். படிவத்தில் கையெழுத்திடும் நாளின் மதிப்பை டாலரில் போட வேண்டும். “ஊர்ல இருக்கறது இவங்களுக்கு எப்படித் தெரியும்” என்ற பேச்சைக் கேட்காதீர்கள். அரசு ஆவணத்தில் பொய் சொல்வதன் விளைவு பிள்ளையின் படிப்பையும் உங்கள் குடியேற்றத்தையும் சேர்த்தே தாக்கும்.

4. கல்லூரிப் பட்டியலை மூன்று கட்டாகப் பிரியுங்கள்

முதல் கட்டு, தேவை உதவி மட்டும் தரும் கல்லூரிகள். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பழைய தனியார் பல்கலைகளான ஐவி லீக்கும் எம்ஐடியும் இதில் அடக்கம். அங்கே மெரிட் ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினாலும் அதற்காக ஒரு டாலர் வராது. ஆனால் கணக்கில் வரும் தேவை முழுவதையும் நிரப்புவார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் 2025-26 முதல், 2,00,000 டாலருக்குக் கீழே ஆண்டு வருமானமும் வழக்கமான அளவு சொத்தும் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை என்று அறிவித்திருக்கின்றன. “ஐவி எல்லாம் பணக்காரர்களுக்கு” என்று ஒதுக்கிவிடாமல் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாம் கட்டு, மெரிட்டைத் தாராளமாகத் தரும் கல்லூரிகள். அலபாமா பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் வெளிமாநில மாணவருக்குக்கூட ஜிபிஏ, எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வின் மதிப்பெண் வைத்து அட்டவணையே உண்டு. இத்தனை எடுத்தால் இத்தனை டாலர். வருமானம் அதிகமாகி, அதே நேரம் சேமிப்பு போதாத நடுத்தரக் குடும்பங்களுக்கு இந்தக் கட்டுதான் பெரும்பாலும் கைகொடுக்கும். உங்கள் மாநிலத்தின் திட்டத்தையும் பாருங்கள். ஜார்ஜியாவில் ஹோப், ஃபுளோரிடாவில் பிரைட் ஃபியூச்சர்ஸ் என்று மாநில மெரிட் திட்டங்கள் உள்ளன. பதினொன்றாம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடியை (எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) நேஷனல் மெரிட் என்ற தேசிய ஸ்காலர்ஷிப்புக்காகக் கொஞ்சம் தயாரித்தே எழுதச் சொல்லுங்கள். அந்த அமைப்பின் தொகை ஒரே தடவை 2,500 டாலர்தான் என்றாலும், இறுதிப் பட்டியலில் வந்த பிள்ளைகளுக்குப் பெரிய தொகை தரும் பல்கலைகள் உண்டு.

மூன்றாம் கட்டு, இரண்டும் தருவதாகச் சொல்லி எதையும் முழுதாகத் தராத கல்லூரிகள். எண்ணிக்கையில் இவையே அதிகம். 40,000 தேவை என்று அவர்களே கணக்கிட்டு 18,000 தந்துவிட்டு மிச்சத்தைப் பற்றிப் பேசாமல் விடுவார்கள். கல்லூரித் தளத்தில் ‘தேவை முழுவதையும் நிரப்புகிறோம்’ என்ற வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘உதவுகிறோம்’ என்று மட்டும் இருந்தால் அது வேறு விஷயம்.

5. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

இரண்டு ஆண்டு 1040 வரிப் படிவங்கள், டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்று, வங்கி மற்றும் முதலீட்டுக் கணக்கு அறிக்கைகள், வீட்டுக் கடன் இருப்பு, இந்தியச் சொத்துகளின் மதிப்பு, பிள்ளை வேலை பார்த்திருந்தால் அந்தச் சம்பள விவரம். பெற்றோரில் ஒருவருக்கும் மாணவருக்கும் தனித்தனி எஃப்எஸ்ஏ ஐடி (அரசின் மாணவர் உதவித் தளக் கணக்கு) வேண்டும். நீங்கள் கூட்டாக வரி தாக்கல் செய்பவர்கள் என்றால் பெற்றோர் ஒருவர் போதும், தனித்தனி என்றால் இருவரும் தேவை. வரித்துறையிலிருந்து விவரம் எடுக்கச் சம்மதம் கேட்கும் பக்கத்தில் ‘ஒப்புதல்’ கொடுக்காவிட்டால் அரசு உதவி எதுவும் கிடைக்காது.

தனியார் கல்லூரிகள் பல சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு படிவத்தையும் கேட்கும். காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துவது. முதல் கல்லூரிக்கு 25 டாலர், அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 16. வருமானம் 1,00,000க்குள் இருந்தால் இலவசம். எங்களுக்கு இரண்டு மாலைப்பொழுது ஆனது. சொந்த வீட்டின் மதிப்பு, ஓய்வூதிய இருப்பு எல்லாம் இதில் கேட்பார்கள். கடைசியில் சிறப்புச் சூழல்களை விளக்கி எழுத ஓர் இடம் உண்டு. ஊரில் பெற்றோரின் மருத்துவச் செலவுக்குப் பணம் அனுப்புகிறீர்கள் என்றால் எவ்வளவு, எத்தனை ஆண்டாக என்று அங்கே எழுதுங்கள். ஃபாஃப்சாவில் அதற்கு இடமில்லை. இரண்டாவது பிள்ளையும் அதே சமயம் கல்லூரியில் இருந்தால் அரசுக் கணக்கு 2024-25 முதல் எண்ணைப் பகிர்ந்து குறைப்பதில்லை. சிஎஸ்எஸ் கேட்கும் கல்லூரிகளில் பல இன்னமும் அதைப் பார்க்கின்றன.

6. கெடு தேதிகளைத் தனித் தாளில் எழுதுங்கள்

நாங்கள் சறுக்கியது இங்கே. விண்ணப்பக் கெடு ஜனவரி என்றிருந்த ஒரு பல்கலையில் மெரிட்டுக்கான கெடு அதற்கு ஒரு மாதம் முன்பே முடிந்திருந்தது. தளத்தில் ஸ்காலர்ஷிப் பக்கத்தின் அடியில் அந்தத் தேதி இருந்தது. மகள் டிசம்பர் விடுமுறையில் விண்ணப்பத்தை அழகாக முடித்து அனுப்பினாள், சேர்க்கையும் கிடைத்தது, மெரிட்டுக்கு அவள் பெயரையே பார்க்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது மரியாதையாகத்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு கல்லூரிக்கும் நான்கு கட்டம் போடுங்கள்: சேர்க்கை விண்ணப்பம், மெரிட், சிஎஸ்எஸ், ஃபாஃப்சா. மெரிட் கெடு பெரும்பாலும் நவம்பர் 1 முதல் டிசம்பர் 1க்குள் விழும். ஃபாஃப்சாவும் சிஎஸ்எஸ்ஸும் வழக்கமாக அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். மாநில நிதி சில இடங்களில் முதலில் வந்தவருக்கு முதலில் என்பதால் அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரே கல்லூரிக்கு வாக்குக் கொடுத்து முன்கூட்டியே விண்ணப்பிக்கும் ஏர்லி டிசிஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் சேர்க்கை கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். உதவி போதவில்லை என்று விலக வழி இருக்கிறது. ஆனால் இன்னொரு கல்லூரியின் மெரிட் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு உங்கள் கையைவிட்டுப் போய்விடும். இரண்டு வகை உதவியையும் எடைபோட்டுத்தான் சேர வேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பம் அதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து.

7. உதவிக் கடிதத்தில் கடனைப் பிரித்தெடுங்கள்

மார்ச் இறுதியில் கடிதங்கள் வரும். எங்களுக்கு வந்த ஒன்றில் ‘உங்கள் நிதியுதவி: 39,000’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. அடியில் நான்கு வரிகள். கிராண்ட் 31,000. சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்வரை வட்டியை அரசு ஏற்பது) 3,500. அன்சப்சிடைஸ்டு கடன் (வட்டியும் நம்முடையது) 2,000. வொர்க்-ஸ்டடி 2,500. மகள்தான் பென்சிலால் கீழ் மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, “அப்பா, இது முப்பத்தொன்னுதான்” என்றாள்.

அவள் செய்ததே சரி. கிராண்டும் ஸ்காலர்ஷிப்பும் மட்டுமே உதவி. மாணவர் அரசுக் கடன் முதலாண்டில் 5,500 வரை பெரும்பாலான கல்லூரிகளில் கிடைக்கக்கூடியது, அது அந்தக் கல்லூரியின் தாராளம் அல்ல. வொர்க்-ஸ்டடி பிள்ளை வேலை பார்த்துச் சம்பளமாகச் சிறிது சிறிதாக வாங்குவது. ஆகஸ்ட் மாதக் கட்டண ரசீதில் அது கழியாது. பேரண்ட் பிளஸ் கடனையும் சில கடிதங்கள் பட்டியலில் சேர்த்துவிடும், அது உங்கள் தலையில் ஏறும் கடன்.

மொத்தச் செலவில் விடுபட்டவற்றையும் சேருங்கள்: விமானக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி. கல்லூரி மருத்துவக் காப்பீடும் ரசீதில் தானாக ஏறும். உங்கள் காப்பீட்டில் பிள்ளை இருந்தால் அதை நீக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், அதற்கும் கெடு உண்டு. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் ஸ்காலர்ஷிப் பகுதிக்கு வருமான வரி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

8. நான்கு ஆண்டுக்கும் கணக்குப் போடுங்கள்

எங்கள் மேசையில் கடைசியாக இருந்தவை மூன்று. எண்களைச் சற்றுத் தோராயமாக்கித் தருகிறேன்.

முதல் கல்லூரி: ஆண்டுச் செலவு 88,000, மெரிட் 30,000. நிகரம் 58,000. இரண்டாவது: செலவு 86,000, தேவை கிராண்ட் 31,000. நிகரம் 55,000. மூன்றாவது எங்கள் மாநிலப் பல்கலை: செலவு 34,000, உதவி எதுவும் இல்லை.

செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தோம். மெரிட் தொகை பெரும்பாலும் ஏறாது, நான்கு ஆண்டும் அதே 30,000தான். ஆக முதல் கல்லூரிக்கு நான்கு ஆண்டில் நாங்கள் கட்டுவது ஏறக்குறைய 2,53,700 டாலர். 58,000ஐ நான்கால் பெருக்கி 2,32,000 என்று நினைத்திருந்தால் 21,700 துண்டு விழுந்திருக்கும். இரண்டாவதில், எங்கள் நிலைமை மாறாமல் இருந்து கட்டண உயர்வு முழுவதையும் கிராண்ட் ஈடுகட்டினால் 2,20,000 வாக்கில் வரும். மாநிலப் பல்கலை சுமார் 1,44,400. கடிதத்தில் ஒரு டாலர்கூடத் தராத இடம்தான் எல்லாவற்றிலும் மலிவு.

அதன் பிறகு எது மாறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். தேவை உதவிக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் உயர்ந்தால், வேலைக்குப் போகாத துணை வேலைக்குப் போனால், கிராண்ட் குறையும். அதே சமயம் வேலை போனால் அது உயரக்கூடும், மெரிட் உயராது. ஐடி வேலையில் ஆட்குறைப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மெரிட்டில் ஆபத்து வேறு இடத்தில். தொகை தொடர 3.0 ஜிபிஏ வேண்டும், சில இடங்களில் 3.5. ஜார்ஜியாவின் ஹோப் 3.0 கேட்கிறது, அங்கேயே உள்ள ஸெல் மில்லர் திட்டம் 3.3. பள்ளியில் 4.0 எடுத்த பிள்ளை பொறியியல் முதலாண்டில் கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் சேர்த்து எடுக்கும்போது 3.2க்கு இறங்குவது சாதாரணம். தேவை உதவிக்கும் படிப்பில் முன்னேற்றம் கேட்பார்கள், ஆனால் பல இடங்களில் 2.0 போதும். ஆகவே மெரிட் தரும் கல்லூரியிடம் இவற்றை மின்னஞ்சலில் கேளுங்கள். ஜிபிஏ ஒரு பருவத்தில் இறங்கினால் மீட்க அவகாசம் உண்டா? துறை மாறினால் தொகை தொடருமா? எட்டுப் பருவத்துக்கு மேல் ஆனால்? வெளியார் ஸ்காலர்ஷிப் கொண்டுவந்தால் உங்கள் தொகையைக் குறைப்பீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். பிள்ளை கட்டுரை எழுதி ஒரு சங்கத்திலிருந்து 3,000 டாலர் வாங்கி வந்தால், கல்லூரி தன் கிராண்டில் 3,000ஐ வெட்டுவது நடக்கிறது. மேரிலாந்து போன்ற சில மாநிலங்கள் தம் பொதுக் கல்லூரிகளில் இதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தியிருக்கின்றன. மற்ற இடங்களில் முதலில் கடனையும் வொர்க்-ஸ்டடியையும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

9. போதவில்லை என்றால் மறுபரிசீலனை கேளுங்கள்

கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை, அதற்கென்றே அங்கே அதிகாரிகள் இருக்கிறார்கள். தேவை உதவிக்குக் காரணம் காட்ட வேண்டும்: வேலை இழப்புக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, மருத்துவ ரசீதுகள், அந்த ஒரே ஆண்டில் பங்கு விற்று வருமானம் ஏறியதற்கான சான்று. ஒரு பக்கக் கடிதம் போதும். எங்கள் வருமானத்தில் ஒரு முறை மட்டும் வந்த போனஸ் சேர்ந்திருந்ததை டபிள்யூ-2 இரண்டு ஆண்டுக்கும் வைத்துக் காட்டினோம். பன்னிரண்டு நாளில் கிராண்ட் 2,800 ஏறியது. மேலே சொன்ன 31,000 அதற்குப் பிறகு வந்த கடிதத்தில் இருந்த தொகை.

மெரிட்டுக்கு வேறு வழி. அதே தரத்தில் உள்ள இன்னொரு கல்லூரியின் கடிதத்தை இணைத்து, “எங்கள் மகளின் முதல் விருப்பம் உங்கள் கல்லூரி, இந்த இடைவெளியைக் குறைக்க வழி உண்டா” என்று கேட்கலாம். ஐவி போன்ற இடங்களில் மெரிட் கடிதத்தைக் காட்டிப் பயனில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள், பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

10. மே 1

பெரும்பாலான கல்லூரிகளில் இடத்தை உறுதி செய்ய மே 1 கடைசி நாள். முன்பணம் சில நூறு டாலர், பெரும்பாலும் திரும்பி வராது. இரண்டு கல்லூரிக்குப் பணம் கட்டி வைக்காதீர்கள். எங்கள் மகள் மாநிலப் பல்கலையில் ஹானர்ஸ் பிரிவில் சேர்ந்தாள். 529இல் இருந்ததும் எங்கள் மாதச் சம்பளமும் போதுமானதாக இருப்பதால் இதுவரை கடன் எடுக்கவில்லை. தேவை கிராண்டும் மெரிட்டும் இல்லாதபோதும் அக்டோபரில் ஃபாஃப்சாவைத் திரும்ப நிரப்பி வைக்கிறோம், என் வேலைக்கு ஏதாவது ஆனால் கல்லூரியிடம் கேட்க அது கையில் இருக்க வேண்டும். இளையவன் இப்போது பத்தாம் வகுப்பு. அவன் பெயரில் இருந்த யுடிஎம்ஏ பணத்தைச் சென்ற டிசம்பரிலேயே கஸ்டோடியல் 529க்கு மாற்றிவிட்டோம்.